பள்ளங்கிக் கணினியில் தமிழ் காணாமல் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நான் வந்து உட்கார்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டாவது வரைதான் படித்தேன். அதன்பிறகு தட்டச்சு, தமிழிலும் ஆங்கிலத்திலும் லோயர். இதுவரை நான் எழுதியதெல்லாம் விடுப்பு விண்ணப்பமும் கூரியர் முகவரியும்தான். நாலு பேர் இருக்கும் அறையில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஆனாலும் போன மழைக்காலத்தில் நடந்த ஒன்று புளித்த ஏப்பம்போலத் தொண்டையிலேயே நிற்கிறது. துப்பிவிட்டால் தேவலை என்று எழுதுகிறேன். யார் மீதாவது தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி என்மீதுதான் விழும்.

காய்கறி வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் கொடைக்கானல் கிளையில் வேலை பார்க்கிறேன். தலைமை அலுவலகம் கீழே சமவெளியில் இருக்கிறது. மலைக்கிராமங்களில் எங்களுக்கு ஆறு சேகரிப்பு நிலையங்கள். விவசாயிகள் கேரட்டும் பீன்ஸும் பூண்டும் அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். எந்த ஊர், யார் தோட்டம், என்ன காய், என்றைக்குப் பறித்தது என்று அதில் இருக்கும். லேபிள் இல்லாத பெட்டியை லாரியில் ஏற்ற மாட்டார்கள். அந்த லேபிளை அடிப்பதற்காக நிலையத்துக்கு ஒரு கணினி.

இந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை இல்லை. ஒருநாள் மேனேஜர் அறைப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை நான் கிழிக்காமல் உருவிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஆறு நிலையங்களிலும் நான் ‘கம்ப்யூட்டர் அக்கா’. எது தெரியாவிட்டாலும் கீழே தலைமை அலுவலகத்தில் ஒருவருக்குப் போன் செய்து கேட்பேன். எல்லாக் கணினிகளையும் அங்கிருந்தே நிர்வகிப்பவர் அவர். சிஸ்டம் சார் என்போம். நேரில் பார்த்ததில்லை.

நிலையங்களில் லேபிள் அடிப்பவர்கள் எல்லோரும் அந்தந்த ஊர்ப் பெண்கள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பார்கள், பொருள் தெரியாது. முன்பிருந்த மேனேஜர் இதை யோசித்து, ஆறு கணினிகளிலும் தமிழ் மொழிப் பொதியைப் போடச் சொல்லியிருந்தார். லாங்வேஜ் பேக் என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் கணினி தன் சொந்த வார்த்தைகளையெல்லாம் தமிழில் காட்டும். சேமி, அச்சிடு, மூடு என்று. லேபிள் அடிக்கும் செயலியும் அப்படியே தமிழில் திறக்கும்.

பள்ளங்கி நிலையத்தில் இருப்பவளை நான் பள்ளங்கிக்காரி என்றே குறிப்பிடுகிறேன். எட்டாவது வரை படித்தவள். லேபிள் மேசைக்கு வருமுன் அதே நிலையத்தில் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். நிலையத்தின் பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விழும். பொழுது விடியும்போது அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். ஆறு வருடம் அதில் நின்றவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, கை முழுதாக மடங்காது. இனிமேல் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேசை காலியானபோது அவளே முன்வந்து கேட்டாள். நான்தான் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். பஸ் போர்டு படிப்பதுபோலத் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துப் படித்தே பத்து நாளில் பழகிவிட்டாள். மடங்காத விரலால் மவுஸைப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுவாள். ஆறு நிலையங்களில் அவள் லேபிளில்தான் தப்பே வராது.

இதில் குறை வைத்தது நான். அதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பழனி அடிவாரம். அப்பா பஞ்சாமிர்தக் கடையில் வேலை பார்த்தார். கேரளத்துச் சாமிகள் வந்தால் மலையாளம், ஆந்திராவிலிருந்து வந்தால் தெலுங்கு, அவர்கள் வாய் திறக்குமுன் அப்பா வாய் மாறிவிடும். வருகிறவர் பேச்சுக்கு நம் பேச்சை மாற்றிக்கொள்வது எங்கள் தெருவில் மரியாதை, பிழைப்பும் அதுதான். அப்பா குழைகிற குரலைக் கேட்டால் சின்ன வயதிலேயே எனக்குக் குமட்டும். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போவேன். அதே குழைவு எனக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி இரண்டு வருடத்துக்கு முன் பள்ளங்கிக்கு வந்தார். திரையில் இருந்த தமிழைக் குனிந்து பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ரேஷன் கடை மாதிரி இருக்கு” என்று சிரித்தார். கூட வந்திருந்த எங்கள் மேனேஜரும் சிரித்தார். இவர் புது மேனேஜர். பள்ளங்கிக்காரியும் எதற்கென்று தெரியாமலே சிரித்து வைத்தாள். கூடப் போயிருந்த எனக்கு முகம் எரிந்தது.

அடுத்த முறை அதிகாரி வருகிறார் என்றதும் ஆறு நிலையத்துக்கும் நான் போன் போட்டேன். அமைப்புகளுக்குள் போய் இங்கிலீஷை மேலே தூக்கிப் போட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் திரை இங்கிலீஷ் ஆகிவிடும். அவர் போனதும் மறுபடி தமிழ். “வீட்டுக்கு விருந்தாடி வந்தா கொடியில கெடக்குற துணிய எடுத்து உள்ள போடுவோம்ல, அது மாதிரிதான்” என்று சொல்லிக்கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே மகிழ்ச்சி. துடைத்த நாற்காலி, அதன்மேல் புதுத் துண்டு, பிஸ்கட் தட்டு, இங்கிலீஷ் திரை என்று எல்லாம் ஒரே வரிசையில் தயாராகும். ஜீப் கீழ் வளைவில் ஹாரன் அடித்தால் நிலையத்தில் கேட்கும். அது மேலே ஏறி வருவதற்குள் பள்ளங்கிக்காரி திரையை மாற்றிவிடுவாள்.

சீசன் வந்தபோது அதிகாரிகள் வாரத்துக்கு இரண்டு முறை வர ஆரம்பித்தார்கள். வேலையைவிட வட்டக்கானலில் அறை எடுத்துத் தங்குவதுதான் சோலி. நிலையத்துக்கு வந்து கால் மணி நேரம் நின்றால் பயணம் கம்பெனிக் கணக்கில் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. வரும்போதெல்லாம் மாற்றுவது தொல்லையாக இருந்தது. “இங்கிலீஷ்லயே கெடக்கட்டும் தாயி” என்று நானே சொல்லிவிட்டேன். பொத்தான் இருக்கும் இடம்தான் மனப்பாடமாயிற்றே. இடமிருந்து மூன்றாவது லேபிள், அதன்கீழ் இரண்டாவது கேரட், வலது ஓரம் அச்சிடு. அப்படியே இரண்டரை மாதம் ஓட்டினாள். கண் தெரியாதவர் தன் வீட்டுக்குள் நடப்பதுபோல.

அந்தச் சமயத்தில் கீழிருந்து ஒரு படிவம் வந்தது. எல்லாக் கணினிகளிலும் புது இயங்குதளம் போடப்போகிறோம், எந்தெந்த நிலையத்தில் எந்த மொழி புழக்கத்தில் இருக்கிறது என்று நிரப்பி அனுப்பவும் என்றிருந்தது. அந்தப் படிவம் அந்த அதிகாரி மேசைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். ரேஷன் கடைச் சிரிப்பு காதில் கேட்டது. ஆறு கட்டத்திலும் ‘இங்கிலீஷ் மட்டும்’ என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மேனேஜர் அதைப் படிக்கக்கூட இல்லை. அவர் மேசையில் ஆயக்குடிக் கொய்யாவை வெட்டி மிளகாய்ப்பொடி தூவி வைத்துக்கொண்டு, கொட்டையைக் குப்பைக்கூடைக்கும் சுவருக்கும் நடுவில் துப்பிக்கொண்டிருந்தார். கொய்யாச்சாறு ஒட்டிய விரலால் முத்திரை குத்தினார். அந்தப் பிசுக்கு படிவத்தின் மூலையில் அப்படியே இருந்தது. மனிதர் அசிங்கம் என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தில் அதைவிடப் பெரிய அசிங்கம் என் எழுத்துதான் என்று அப்போது நினைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை வெள்ளனே போன் வந்தது. பள்ளங்கிக்காரி.

“யக்கா, இது என்னமோ புதுசா வந்து நிக்குது. நேத்து சாயங்காலம் ஆஃப் பண்ணேன், ஏதோ சுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கித் தொறந்தா ஒண்ணுமே பழைய எடத்துல இல்ல.”

“மூணாவது பொத்தான அமுக்கிப் பாரு.”

“அமுக்குனேன். படம் பாக்குற எடத்துக்குப் போயிருச்சு. ஒரு மலைப் படம் வருது, நம்ம மலை இல்ல.”

“சரி, தமிழுக்கு மாத்திக்க. அமைப்புல போயி…”

“அங்க தமிழே இல்லக்கா. மூணு தடவ பாத்துட்டேன். இங்கிலீசு ஒண்ணுதான் தனியா நிக்குது. லாரி வேற வந்துருச்சு, டிரைவரு ஹாரன் மேல ஹாரன். வெரசா எதாச்சும் சொல்லுங்க.”

அன்று லேபிளைக் கையால் எழுதி ஒட்டச் சொன்னேன். அன்று காலையில்தான் ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. வியாழக்கிழமை பள்ளங்கியில் தொடங்கி அதே அதிகாரி ஒவ்வொரு நிலையமாக வருவார், புதிய இயங்குதளத்தில் லேபிள் அடித்துக் காட்டுகிறவர்கள் மட்டும் மேசையில் தொடரலாம், மற்றவர்கள் முன்பு பார்த்த வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் முன்பு பார்த்த வேலை தொட்டி.

மதிய பஸ் பிடித்துப் பள்ளங்கிக்குப் போனேன். நிலையத்தின் முன்னால் அழுகிய முட்டைக்கோஸ் இலை மழையில் ஊறி, மிதித்தால் சளிபோல வழுக்கியது. உள்ளே அவள் திரையின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வாசகம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. எல்லாமே உங்களுக்காகத்தான் செய்கிறோம், கொஞ்சம் பொறுங்கள், எல்லாம் நல்லபடி இருக்கும் என்கிற அர்த்தத்தில், இங்கிலீஷில். அடிவாரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும் யாத்ரீகர்களின் பையைப் பிடுங்கிக்கொண்டு, “வாங்க சாமி, நம்ம எடம்தான்” என்று கூடவே நடக்கும் தரகர்களின் இளிப்பு அதில் இருந்தது. பை போன பிறகும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

இணையத்திலிருந்து தமிழ்ப் பொதியை இறக்கப் பார்த்தேன். முடியவில்லை. தலைமை அலுவலகம் பூட்டி வைத்திருக்கிறது என்று வந்தது. சிஸ்டம் சாருக்குப் போன் போட்டேன். ஒரு கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன். வருந்தவும் கூடாது, அவளுக்குத் தெரியத்தான் வேண்டும்.

“மேடம், பள்ளங்கிலதான் மொதல்ல ஏத்துனோம். புது அப்டேட் ஏறுறப்ப யாரும் யூஸ் பண்ணாத லாங்வேஜ் பேக் எல்லாத்தையும் சிஸ்டமே க்ளீன் பண்ணிரும். சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருக்குல்ல.”

“யூஸ் பண்றாங்க சார். தெனமும்.”

“எங்க மேடம்? எனக்கு இங்க தெரியுதே. ரெண்டரை மாசமா பள்ளங்கி மெஷின் இங்கிலீஷ்லதான் ஓடியிருக்கு. ஒரு நாள்கூடத் தமிழ் இல்ல.”

அவர் கோபமில்லாமல், கடைக்காரர் சாமான் பட்டியல் படிப்பதுபோலப் பேசிக்கொண்டே போனார்.

“க்ளீன் பண்ணாதேன்னு ஒரு செட்டிங் இருக்கு. இங்க உக்காந்தே போட்டிருப்பேன். போடணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கத்தான முன்னாடியே ஃபார்ம் அனுப்புனேன்? ஆறு சென்டருக்கும் இங்கிலீஷ் மட்டும்னு எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதான?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன மேடம்! இப்ப வேணும்னா ஒரு மெயில் போடுங்க. ஃபார்ம்ல எழுதுனது தப்புன்னு எழுதணும். மேனேஜரையும் மேல இருக்குற சாரையும் அதுல சேத்துருங்க. வந்தா ஒரு மணி நேரத்துல அனுப்பிருவேன்.”

போனை வைத்தேன். கூரைமேல் மழை. பள்ளங்கிக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, அப்ப நான் தொட்டிக்குப் போகணும்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்களா?”

“அப்படி நெனச்சு எழுதல தாயி.”

“நெனச்சா எழுதுவாங்க? நெனைக்காமத்தான் எழுதுவாங்க.” பிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றினாள். “குடிங்க. ஆறிரும். நாங்க படிக்காதவுக, எங்களுக்கு என்ன பாசை வேணும்னு எங்கள ஒரு வார்த்த கேட்டா உங்க வாயா தேஞ்சிரும்?”

அந்த டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தாள். வாயில் வைத்ததும் வெளியே போய்த் துப்பிவிட வேண்டும்போல இருந்தது, டீயை அல்ல. அவள் எதிரில் முழுதாகக் குடித்து முடித்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். மெயில் போட வேண்டும் என்றேன். அவர் யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டின் முனையால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

“எதுக்கு மேடம் இதெல்லாம் ஓப்பன் பண்றீங்க? ஃபார்ம் தப்புன்னு எழுதுனா, சைன் பண்ணது யாருன்னு கேப்பாங்க. சீல் என்னோடது. அந்தம்மாவ நாலு வார்த்த இங்கிலீஷ் கத்துக்கச் சொல்லுங்க. சேவ், பிரிண்ட், க்ளோஸ். பெரிய கம்ப சூத்திரமா?”

“ரெண்டு நாள்ல முடியாது சார். அவங்க கை…”

“கையா இங்கிலீஷ் படிக்கப்போகுது? கண்ணுதான படிக்கணும்? ஏன் மேடம், வாஷிங்லயும் சம்பளம் குடுக்குறோம்ல?”

கார்டின் முனையைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்ததை மேசைவிளிம்பில் தேய்த்தார். பிறகு அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருடமாக நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். என் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது என்மீதே பழைய எண்ணெய் வாடை வீசுவதுபோல இருந்தது. அப்பா கடையில் குழைந்த அதே குரலில்தான் “சரிங்க சார்” என்று சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை முழுக்க அந்த மெயிலை எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். ‘கவனக்குறைவால்’ என்று ஒருமுறை போட்டேன். அது பொய். ‘தவறுதலாக’ என்று போட்டேன். அதுவும் பொய். கடைசியில் எழுதியது நாலே வரி. ஆறு நிலையங்களிலும் தமிழ்தான் புழக்கத்தில் இருந்தது. அதிகாரிகள் வரும்போது திரையை இங்கிலீஷுக்கு மாற்றச் சொன்னது நான். படிவத்தில் இங்கிலீஷ் மட்டும் என்று தெரிந்தே எழுதினேன். நாளை காலைக்குள் பள்ளங்கிக்காவது தமிழ் மொழிப் பொதியை அனுப்பி வைக்கவும். மேனேஜர், அதிகாரி இருவர் முகவரியையும் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். சிஸ்டம் சார் சொன்னபடி செய்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளங்கியிலிருந்து போன்.

“யக்கா, வந்துருச்சு! சேமி, அச்சிடு, மூடு. எல்லாம் எடம் மாறித்தான் கெடக்கு, ஆனா படிச்சிர்றேன்.” சத்தமாக ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை நான் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். அவள் அதற்குள் பதினெட்டுப் பெட்டிக்கு லேபிள் அடித்து முடித்திருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் புதுத் துண்டு விரித்தோம். பிஸ்கட் தட்டு வைத்தோம். மழை தூறியது. கீழ் வளைவில் ஹாரன் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு ஜீப்பை எதிர்கொள்ள வெளியே போனேன்.

அதிகாரியோடு குடும்பமும் வந்திருந்தது. அவர்கள் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. இங்கே முடித்ததும் வட்டக்கானல். அதிகாரி மட்டும் இறங்கினார், பின்னாலேயே மேனேஜர். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி செருப்புச் சேற்றைக் கேரட் நிரப்ப வைத்திருந்த சுத்தமான சாக்கில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்தார். உள்ளே போய், விரித்திருந்த துண்டின்மேல் ஒரு டிஷ்யூவை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். இங்கிலீஷ்.

ஹாரன் சத்தம் கேட்டதும் மாற்றியிருக்கிறாள். இரண்டு வருடப் பழக்கம். நாற்காலியைத் துடைத்த கை அப்படியே திரையையும் துடைத்துவிட்டது. பள்ளங்கிக்காரிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். “கை தானா போயிருச்சுக்கா.”

“ம், ஒரு லேபிள் போட்டுக் காட்டுங்க” என்றார் அதிகாரி, போனைப் பார்த்தபடியே.

அவள் உள்ளங்கையால் மவுஸைத் தள்ளினாள். இடமிருந்து மூன்றாவது. வேற்று மலையின் படம் வந்தது. மூடத் தெரியாமல் இன்னொன்றை அமுக்கினாள். அதன்மேல் இன்னொரு சன்னல் திறந்தது.

“நெர்வஸ் சார்” என்று மேனேஜர் சிரித்தார். “லோக்கல் லேடி. முன்னாடி வாஷிங்ல இருந்தாங்க.”

“அப்ப அதுக்கே போகட்டுமே. அவங்களுக்கும் கஷ்டம்” என்று அதிகாரி எழப்போனார்.

நான் பேசினேன். குரல் கீச்சென்று வந்தது. “சார், அவங்களுக்குத் தமிழ்லதான் வரும். தமிழ் இருக்கு சார், நேத்து வந்துருச்சு.”

“அப்ப ஏன் இங்கிலீஷ்ல வெச்சிருக்காங்க?”

“நீங்க வர்றீங்கன்னு சார்.”

“நான் வந்தா?”

“முன்ன ஒரு தடவ நீங்க… ரேஷன் கடை மாதிரி இருக்குன்னு சொன்னீங்க சார். அதுலருந்து நாந்தான் மாத்தச் சொன்னேன். மெயில்ல எழுதியிருக்கேன்.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே யோசித்தார்.

“நானா? அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லையே. எந்த மெயில்? நான் பாக்கலையே.”

அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆறு ஊரில் பெண்கள் ஹாரன் சத்தத்துக்கு அடித்துப் பிடித்துத் திரையை மாற்றியது, கண்ணைக் கட்டிக்கொண்டு பொத்தானைத் தடவியது, நான் பொய்யாக நிரப்பிய படிவம், எல்லாம் அவர் எப்போதோ சொல்லி மறந்த ஒரு வார்த்தைக்காக. சாக்கில் துடைத்த சேறுபோல அதை எங்கள்மேல் துடைத்துவிட்டு அவர் போயிருக்கிறார். நாங்கள் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவர்மேல் வந்த அருவருப்பு பாதி வழியில் திரும்பி என்னிடமே வந்தது.

“நகருங்கக்கா” என்றாள் பள்ளங்கிக்காரி. நான் மவுஸைத் தொடப்போயிருக்கிறேன். “நானே மாத்துறேன். சார், ரெண்டு நிமிசம் ஆகும். பிஸ்கட்டு சாப்பிடுங்க.”

வெளியேறி உள்ளே வந்தாள். திரை சுற்றிக்கொண்டிருக்கும்போது அதிகாரி வாசலில் போய் மஞ்சு மேகம் இறங்குவதைப் படம் எடுத்தார். திரும்பி வருவதற்குள் லேபிள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“சரியாத்தான இருக்கு” என்றார் மேனேஜரிடம். பிறகு, “வீட்டுக்கு நல்ல மலைப்பூண்டு கெடைக்குமா?” என்று கேட்டார். பள்ளங்கிக்காரி ஒரு பிடி கட்டிக் கொடுத்தாள். ஜீப் போனது. ஜீப் போன பிறகு அந்தச் சாக்கை எடுத்துத் தொட்டியில் அலசப் போனாள். நான் பிடுங்கி நானே அலசினேன். தண்ணீர் நிஜமாகவே எலும்பைத் தொட்டது.

“இதுல ஆறு வருசம் நின்னேன்க்கா” என்றாள் பின்னால் நின்று.

மறுநாள் பள்ளங்கி மேசையில் அவளே தொடரலாம் என்று தாள் வந்தது. படிவத்தைத் தவறாக நிரப்பியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. கூடவே மொழி பற்றிய அதே படிவம் புதிதாக வந்தது. மற்ற ஐந்து நிலையத்துக்கும் போன் செய்து கேட்டேன். இரண்டு பேர் தமிழ் வேண்டும் என்றார்கள். மூன்று பேர், “இங்கிலீசே இருக்கட்டும்க்கா, யாராச்சும் வந்தா நல்லாருக்காது” என்றார்கள். அது நான் சொல்லிக்கொடுத்த பாடம். ஆறு கட்டத்திலும் தமிழ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதினொரு மணிக்கு அனுப்பினேன்.